மஸ்டாங்குக்கு ஐந்நூறு மைல் பத்தியம்

ரொம்ப நாளா ஆளையே காணோமேன்னு விசாரிச்ச ரெண்டு பேருக்கும் (ரெண்டே பேர்தான், எண்ணிப் பார்த்துட்டேன்) நன்றி. தீசிஸ், டி.ஏ. வேலை, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுன்னு ஆணி கொஞ்சம் அதிகம். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் என் வண்டியோட பின் அச்சு. இன்னிக்கு அந்தக் கதை. காரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களும் தைரியமா உள்ள வரலாம். எல்லாம் தெரிஞ்ச மாதிரி திரிஞ்ச ஒருத்தன் பட்ட பாடுதான் இது.

வண்டி 2007 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர், 300 குதிரை. ஆட்டோமேட்டிக். (சிரிக்காதீங்க. கையில் இருந்த காசுக்கு அதுதான் கிடைச்சுது.) நான் இருக்கிறது டெக்சாஸ்ல லப்பக். சுத்தியும் பருத்திக்காடு, கோடு போட்ட மாதிரி நேரான ரோடு. இந்த ஊருக்கு ஒரு பழைய கொரோல்லா போதும். போதும்னு எல்லாரும் சொன்னாங்க. கேட்டிருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது.

முதல்ல மேட்டரைப் புரியவெச்சிடறேன். இஞ்சின்லேர்ந்து வர்ற ஷாஃப்ட் வண்டியோட நீளவாக்குல சுத்துது. சக்கரத்தோட அச்சு குறுக்குவாக்குல இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல திருப்பிவிடுற வேலையைச் செய்யறது ரெண்டு பல்சக்கரம். சின்னது பினியன், பெருசு கிரவுன். நம்ம ஊர் பட்டறையில் சேர்த்து 'கிரவுன் பினியன்'னு சொல்வாங்க. இது உட்கார்ந்திருக்கிற உருண்டையான ஹவுசிங்கை இந்த ஊர் ஆளுங்க பூசணிக்காய்னு கூப்பிடறாங்க. 2005-லேர்ந்து 2014 வரை வந்த மஸ்டாங்குல பின்னாடி ஒரே கட்டையான அச்சு, நடுவுல இந்தப் பூசணிக்காய்.

என் வண்டியில் கம்பெனி வெச்சுக் கொடுத்த விகிதம் 3.31. அதாவது ஷாஃப்ட் 3.31 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. அதை 3.73 ஆக்கினா அதே இஞ்சின், அதே பெட்ரோல், ஆனா ஒவ்வொரு கியர்லயும் சக்கரத்துக்குப் போற இழுவை கிட்டத்தட்ட 13 சதவீதம் கூடும். சிக்னல்ல பச்சை விழுந்ததும் முதுகு சீட்டுல ஒட்டும். பதிலுக்கு, 70 மைல் வேகத்துல போகும்போது இஞ்சின் சுமார் 250 சுத்து அதிகமா சுத்தும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். குதிரை வாங்கினவன் கொள்ளுக்குக் கணக்குப் பார்க்கலாமான்னு நினைச்சேன்.

போன செப்டம்பர்ல ஊர்க்கோடியில் ஒரு சின்ன கராஜ்ல மாத்தினேன். கியர் செட்டும் பேரிங்கும் சேர்த்து முந்நூத்தம்பது டாலர், கூலி நானூறு. கழட்டின பழைய செட்டை ஐம்பது டாலருக்கு இன்னொருத்தன் தலையில் கட்டினேன். என்ன சாமர்த்தியம் பாருங்க.

வேலை செஞ்ச பெரியவர் சாவியைக் கொடுக்கும்போது நிதானமா சொன்னார்: "முதல்ல இருபது மைல் மெதுவா ஓட்டு. நிறுத்து. நல்லா ஆறவிடு. மறுபடி ஓட்டு. ஐந்நூறு மைலுக்கு முரட்டுத்தனம் வேண்டாம். அப்புறம் ஆயிலை மாத்து." நானும் சாமியாடி மாதிரி தலையாட்டினேன்.

அன்னிக்கு சாயங்காலமே ஒரு ஜூனியர் பையன் பஸ்ஸை விட்டுட்டு அமரில்லோவுல நிக்கிறான்னு போன். இங்கேயிருந்து 120 மைல். ரூம்மேட் கூட ஏறிக்கிட்டான். "புது கியராமே, காட்டு பார்ப்போம்"னான். காட்டினேன். ஊரைத் தாண்டுறதுக்குள்ள நாலு சிக்னல்ல காட்டினேன். அப்புறம் ஹைவேல எழுபத்தஞ்சுல வெச்சு நிறுத்தாம அமரில்லோ. பையனை ஏத்திக்கிட்டு நிறுத்தாம திரும்பினோம். ஆக மொத்தம் 240 மைல். செப்டம்பர் வெயில் வேற.

மறுநாள் காலைல ஐம்பத்தஞ்சு மைல் வேகத்துல பின் சீட்டுக்கு அடியிலேர்ந்து 'ஊஊஊ'ன்னு ஒரு ஊளை. ஆக்ஸிலரேட்டரை விட்டா நிக்குது, மிதிச்சா வருது. நாய் அழற மாதிரி. ரூம்மேட், "புது கியர்னா இப்படித்தான் இருக்கும் மச்சி, போகப்போக அடங்கிடும்"னான். அடங்கலை. அடங்காதுங்கிறதுதான் நான் கத்துக்கிட்ட முதல் பாடம். இந்த ஊளை தன்னால போற சாதி இல்லை. ஒண்ணு, பூட்டினது தப்பா இருக்கணும். இல்லேன்னா, பல்லு போயிருக்கணும்.

ஒரு மாசம் பாட்டைச் சத்தமா வெச்சு ஓட்டினேன். அப்புறம் பயம் வந்து கராஜுக்குப் போனேன். பெரியவர் கவரைக் கழட்டினதும் ஒரு கருகின நாத்தம். ஆயில் கறுப்பா இருந்துது. கிரவுன் பல்லுல, இஞ்சின் இழுக்கிற பக்கம் முழுக்க நகத்தால கீறின மாதிரி கோடு கோடா. அவர் டயல் வெச்சு ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அளந்தார். சரியா இருந்துது. பல்லுல மஞ்சள் பசை தடவி, சுத்தவெச்சு, எங்கே படுதுன்னு தடம் பார்த்தார். அதுவும் நடுவுல சரியாத்தான் விழுந்துது. பூட்டினதுல கோளாறு இல்லை. அவர் என்னைத் திட்டலை. "எத்தனை மைல்ல ஆறவிட்டே?"ன்னு மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்கலை.

இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல் எம்.எஸ். உராய்வு, தேய்மானம், மசகு இதுக்குன்னே ட்ரைபாலஜின்னு ஒரு பாடம் இருக்கு. அதுல 'ஏ' வாங்கினவன். அவ்வ்வ்...

*

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். ஞானம் வர்றதே அப்புறம்தானே.

இந்த பினியன், கிரவுனோட மையத்துக்கு நேரா உட்காராது. கொஞ்சம் கீழே தள்ளி உட்காரும். ஹைப்பாய்டு கியர்னு பேர். 1920-கள்ல அமெரிக்காவுல க்ளீசன் கம்பெனி இதை வெட்டுறதுக்கு வழி கண்டுபிடிச்சுது, பேக்கார்டு கார்ல முதல்ல வந்துது. ஷாஃப்டைத் தாழ்த்தி வைக்கலாம், வண்டியோட தரையும் தாழும், சத்தமும் குறைவு. ஆனா ஒரு சிக்கல். சாதாரணப் பல்சக்கரத்துல பல்லு ஒண்ணு மேல ஒண்ணு பெரும்பாலும் உருளும். இதுல உருள்றதோட சேர்ந்து நீளவாக்குல தேய்ச்சுக்கிட்டே நழுவும். அம்மிக்குழவி மாதிரி. அந்தத் தேய்ப்புலதான் சூடு.

அந்தச் சூட்டைத் தாங்கத்தான் ஜி.எல்.-5 ஆயில். அதுல கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சரக்கு இருக்கும் (அந்த நாத்தம் அதனாலதான்). இரும்பு சூடாகுற இடத்துல இது வினைபுரிஞ்சு ஒரு மெல்லிய படலம் போடும். இரும்போட இரும்பு ஒட்டாம காப்பாத்தும்.

புதுப் பல்லு கண்ணுக்கு வழவழன்னு இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தா மேடும் பள்ளமும். மொத்த பாரமும் அந்த மேட்டு நுனிகள் மேலதான். மெதுவா ஓட்டினா நுனி கொஞ்சம் கொஞ்சமா மழுங்கி, பாரம் பரவலா விழ ஆரம்பிக்கும். எடுத்த எடுப்புல மிதிச்சா நுனிக்கு நுனி சூடேறி, ஆயில் படலம் கிழிஞ்சு, இரும்பு இரும்பைப் பிடிச்சுக் கீறும். பல்லுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினம். அது அளவுக்கு மீறிச் சூடாச்சுன்னா அந்தக் கடினம் இளகிடும். இளகினது திரும்ப வராது. எவ்வளவு நல்ல ஆயில் ஊத்தினாலும் வராது.

இன்னொரு சுவாரசியம். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியா சேர்த்துத் தேய்ச்சுத்தான் வருது. ரெண்டு மேலயும் ஒரே எண் பொறிச்சிருப்பாங்க. ஜோடியைப் பிரிச்சு வேற ஒண்ணோட போடக்கூடாது. தொழிற்சாலைத் தேய்ப்பு பொண்ணு பார்க்கிற படலம் மாதிரி. குடித்தனம் நடத்தறது நம்ம வண்டியிலதான். 3.73-ங்கிறது 41 பல்லு கிரவுன், 11 பல்லு பினியன். நாப்பத்தொண்ணுக்கும் பதினொண்ணுக்கும் பொது வகுத்தி கிடையாது. அதனால பினியனோட ஒவ்வொரு பல்லும் கிரவுனோட ஒவ்வொரு பல்லையும் சந்திச்சே ஆகணும். சக்கரம் பதினோரு சுத்து சுத்தினாத்தான் அதே ஜோடிப் பல்லு மறுபடி சந்திக்கும். என் டயர் அளவுக்கு மைலுக்கு எழுபது தடவை போல. ஐந்நூறு மைல்னா முப்பத்தஞ்சாயிரம் தடவை. பழகுறதுக்கு அவ்வளவு வேணும்.

*

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாவது செட் போட மறுபடி எழுநூத்தம்பது டாலர். ஓட்டாம நிறுத்தி வைக்கவும் முடியாது. இந்த ஊர்ல கார் இல்லேன்னா அரிசி வாங்கக்கூட அடுத்தவன் தயவு வேணும். டி.ஏ. சம்பளத்துல வாடகை போக மிஞ்சுறது சொற்பம். கையில் இருந்தது ஒரே ஒரு காசு. தை மாசம் அப்பாவுக்கு அறுபது முடியுது. திருக்கடையூர்ல மணிவிழா. அதுக்குப் போக டிக்கெட்டுக்குன்னு ஒரு வருஷமா சேர்த்தது. அதுலதான் கை வெச்சேன்.

வீட்டுக்கு போன் பண்ணி, லேப்ல வேலை, ப்ரொஃபஸர் லீவு தரமாட்டேங்கிறார்னு சொன்னேன். அம்மா அழுதாங்க. அப்பா, "படிப்புதான் முக்கியம், பாரு சாமி"ன்னார். அதோட சரி.

ஒரு சனிக்கிழமை ரெண்டாவது செட் பூட்டி வண்டி வந்துது. இந்தத் தடவை ஓட்டவே பயம். பெரியவர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா கை நடுங்குது. இந்த விஷயத்துல உலகத்துலயே நான் நம்புற ஆள் ஒருத்தர்தான். எங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் நாமக்கல் லாரி ஓட்டினவர். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டேன், அங்கே காலைல எட்டரை.

"என்ன கண்ணு, இந்நேரத்துல?"

"அப்பா, கிரவுன் பினியன் புதுசாப் போட்டா எப்படீங்கப்பா ஓட்டோணும்?"

"ஆரு வண்டிக்கு?"

"என்ற வண்டிக்குத்தானுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எத்தனாவது தடவை போடறே?"ன்னார். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ் சும்மாவா? எல்லாத்தையும் கொட்டினேன். அமரில்லோ, ஊளை, டிக்கெட் காசு, லேப் பொய், எல்லாம். திட்டுவார்னு காத்திருந்தேன்.

"செரி. மொதல்ல சூடு ஆறட்டும். காலைல பேசலாம்"னு வெச்சுட்டார். வண்டி அப்ப ஓடவே இல்லை. எந்தச் சூட்டைச் சொன்னார்னு எனக்குத் தெரியும்.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே அவர்கிட்டேர்ந்து போன். அங்கே சாயங்காலம்.

"கிரவுன் புதுசுன்னா மொத நடை காலி வண்டி. ரெண்டாவது நடை அரை லோடு. மேடேறாதே. ஒரே வேகத்துல போகாதே, ஏத்து எறக்கி ஓட்டு. நிறுத்தினா ஹவுசிங்கு மேல பொறங்கையை வெச்சு பத்து எண்ணு. தாங்குச்சுன்னா கெளப்பு. மூணுலயே எடுத்தீன்னா உக்காந்துக்கோ."

நான் கியர் கம்பெனிகள் போடுற விதிமுறையைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். 15-20 மைல் லேசா ஓட்டணும், முழுசா ஆறவிடணும், ரெண்டு மூணு தடவை திரும்பச் செய்யணும், ஐந்நூறு மைல் வரைக்கும் பாரம் இழுக்கக்கூடாது, ஐந்நூறுல ஆயில் மாத்தணும். கிட்டத்தட்ட அதேதான். 'வேகத்தை ஏத்தி இறக்கு'க்கும் காரணம் இருக்கு. பல்லுக்கு ரெண்டு முகம். மிதிக்கும்போது ஒரு முகம் படும், விடும்போது மறு முகம் படும். ரெண்டும் பழகணும்.

லேப்லேர்ந்து தொடாம சூடு பார்க்கிற துப்பாக்கி ஒண்ணு கடன் வாங்கியிருந்தேன். முதல் நடை ஐடலூ வரைக்கும் போய்த் திரும்பினேன், இருபது மைல் சொச்சம். அறுபதைத் தாண்டலை. பின்னாடி வந்த பிக்கப்காரன் ஹாரன் அடிச்சான், ஒரு பாட்டியம்மா ப்யூக்ல என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போனாங்க. 300 குதிரை வண்டியில் இதைவிட அவமானம் என்ன இருக்கு? வீட்டு வாசல்ல நிறுத்தி அடியில் படுத்து அளந்தேன். பூசணிக்காய் 174 டிகிரி ஃபாரன்ஹீட்.

உட்கார்ந்தேன். அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"கை வெச்சியா?"

"மூணுக்கே எடுத்துட்டனுங்க."

"உக்காரு, உக்காரு."

உட்கார்ந்து பேச ஆரம்பிச்சோம். முதல்ல வண்டியைப் பத்தி. அப்புறம் அவர் சின்ன வயசுல, கிரவுன் மாத்தின மூணாம் நாளே முழு லோடு ஏத்திக்கிட்டுப் போய், தொப்பூர் கணவாயில கிரவுன் உடைஞ்சு ரெண்டு நாள் ரோட்டோரமா கிடந்த கதை. மொதலாளி ஆறு மாசம் சம்பளத்துல பிடிச்சாராம். "அம்மாகிட்ட இன்னி வரைக்கும் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே"ன்னார். (அம்மா வலைப்பதிவெல்லாம் படிக்கமாட்டாங்க. நம்பிக்கையில்தான் எழுதறேன்.) பேசிப் பேசி முக்கால் மணி நேரம் போயிடுச்சு. என் வயசுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே மூச்சுல அவ்வளவு நேரம் பேசினதே இல்லை. நான் சின்னப் பையனா இருக்கும்போது அவர் எப்பவும் நாக்பூர்லயோ கான்பூர்லயோ இருப்பார். அப்புறம் நான் இங்கே வந்துட்டேன்.

பத்து எண்ணினேன். தாங்குச்சு. ரெண்டாவது நடை ஷாலோவாட்டர் பக்கம். 163 டிகிரி. மறுபடி உட்கார்ந்தோம். மூணாவது ஸ்லேட்டன். அதுக்கு அப்பால போஸ்ட் வரைக்கும் போகலாம்தான். ஆனா அங்கே மேட்டுநிலத்தோட விளிம்புலேர்ந்து ரோடு கீழே இறங்குது, திரும்பும்போது ஏறியாகணும். 'மேடேறாதே' ஞாபகம் வந்து திரும்பிட்டேன். பருத்தி எடுத்து முடிச்ச காட்டோரமா நிறுத்தி அளந்தா 151.

இதைக் கவனிங்க மக்களே. காலைல குளிர், மத்தியானம் வெயில். வெளிச்சூடு ஏறிக்கிட்டே போகுது. அதே வேகம், அதே தூரம், ஆனா ஹவுசிங் சூடு இறங்கிக்கிட்டே வருது. உள்ளே பல்லும் பல்லும் ஒத்துப்போக ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். ட்ரைபாலஜி புத்தகத்துல படிச்சு 'ஏ' வாங்கினதை அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

*

யாராவது இந்த வேலையில் இறங்கறதா இருந்தா, அனுபவப்பட்டவன் சொல்றேன், குறிச்சு வெச்சுக்கோங்க.

ஒண்ணு. பூட்டும்போது பல்லுத் தடத்தைக் கேட்டுப் பாருங்க. தப்பா பூட்டினதைப் பத்தியம் சரிபண்ணாது. முதல் மைல்லயே ஊளை கேட்டா ஓட்டாதீங்க, திரும்பக் கொண்டுபோங்க.

ரெண்டு. பழக்குற காலத்துக்கு விலை உசந்த சிந்தெடிக் ஆயில் எதுக்கு? ஐந்நூறு மைல்ல கீழே ஊத்தப்போறதுதானே. எனக்குப் பெரியவர் ஊத்தினது சாதா 80டபிள்யூ-90 ஜி.எல்.-5.

மூணு. மஸ்டாங் ஜிடி மாதிரி லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தா, கிளட்ச் தகடுக்குன்னு தனியா ஒரு சின்ன பாட்டில் சரக்கு, ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர், ஆயிலோட சேர்க்கணும். மறந்தா திருப்பத்துல பின்னாடி கடகடன்னு அதிரும். காலியான பார்க்கிங்ல மெதுவா எட்டு போட்டா தகட்டுல ஆயில் இறங்கும். (ஊர்ல லைசென்ஸுக்கு எட்டு போட்டது வீண் போகலை.)

நாலு. ஸ்பீடோமீட்டருக்குப் புது விகிதம் தெரியாது. ட்யூனர் வெச்சு சொல்லித்தரணும். அதுவரைக்கும் 3.31-க்குப் பதில் 3.73 போட்ட வண்டி 60-ல போனா 67, 68-ன்னு காட்டும்.

அஞ்சு. ஐந்நூறு மைல் வரைக்கும் சிக்னல்ல யார் சீண்டினாலும் திரும்பிப் பார்க்காதீங்க. பக்கத்துல ரூம்மேட்டை ஏத்தாதீங்க. இது ரொம்ப முக்கியம் :-)

*

ஐந்நூறு மைல் ஓட்டி முடிக்க ஒரு மாசம் ஆச்சு. காலேஜ், கடை, ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சூடு ஆறுற நேரத்துக்குக் கணக்கா அப்பா கூப்பிடுவார். முதல் நூறு மைலுக்கு அப்புறம் அவ்வளவு ஆறவிடத் தேவையில்லை. அதை நான் அவர்கிட்ட சொல்லலை. அவருக்குத் தெரியாம இருக்குமா? அவரும் சொல்லலை.

நன்றி சொல்லும் வாரத்து லீவுல ஆயிலை மாத்தினேன். இந்த அச்சுல ஆயிலை இறக்கத் தனியா திருகு கிடையாது, கவரைத்தான் கழட்டணும். மனசு திக்குதிக்குன்னு இருந்துது. ஆயில்ல கருகின வாசனை இல்லை. உள்ளே அடியில் இருக்கிற காந்தத்துல சாம்பல் நிறத்துல மெல்லிசா ஒரு பசை. விரல்ல தேய்ச்சுப் பார்த்தேன், நெருடலை. சில்லு ஒண்ணு கூட இல்லை. பல்லு பளபளன்னு சிரிச்சுது. அந்தப் பசை, மழுங்கின நுனிகள்தான். முதல் செட்டுல நான் ஒரே ராத்திரியில் பிடுங்கப் பார்த்ததை இது ஒரு மாசமா தானா உதிர்த்திருக்கு.

விரலையும் காந்தத்தையும் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

தை மாசம் திருக்கடையூர் மணிவிழாவை அம்மா தங்கச்சி போனைப் பிடிச்சுக் காட்ட, லப்பக்ல ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியா உட்கார்ந்து பார்த்தேன். அப்பா தலையில் கலசத் தண்ணி ஊத்தும்போது நான் அங்கே இல்லை. அதுக்கு எந்த ஆயிலும் கிடையாது. ஊளைச் சத்தம் மாதிரி அது போகவே போகாது, தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை போன் மட்டும் நிக்கலை.

படம் அனுப்பின அன்னிக்கு அவர் பெருசா ஒண்ணும் சொல்லலை. வெத்தலை மென்னுக்கிட்டே கொஞ்ச நேரம் உத்துப் பார்த்திருப்பார் போல. அப்புறம் சொன்னார்:

"நல்லா அரைச்ச சந்தனமாட்ட இருக்குது கண்ணு. இனி லோடு ஏத்தலாம்."

டிஸ்கி: சிக்னல்ல ஒரே ஒரு தடவை மிதிச்சுப் பார்த்தேன். முதுகு சீட்டுல ஒட்டுச்சு. அப்பாகிட்ட சொல்லலை. உங்க வண்டியைப் பழக்கின கதை, கெடுத்த கதை, எது இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. கெடுத்த கதைக்கு முன்னுரிமை.